கடல்வீரன் வேடம் பூணுதல்

வட்டுக்கோட்டை வடமோடிக் கூத்திற்குப் பெயர்பெற்ற ஊர். களரியில் ஓர் அரசன் ஆடப் புகும்போது, அவன் இன்னான் என்பதை வரவுப் பாட்டு அவைக்கு உணர்த்தும். அவன் நாடும் நோக்கமும் அறிந்த பின்னரே அவன் போரைக் காண்கின்றோம். ஆதலின் துரியோதனனும் வெறுங் கொடியனாய் நின்றுவிடுவதில்லை. இவ்வறிவு, இளைஞர் மேசையைச் சூழ்ந்திருந்து ஆடும் புதியதோர் ஆட்டத்திற்கும் பயன்படும் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டு வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாகும். ஒருவர் கதையை நடத்துவார். அவரை நம் அண்ணாவியாருக்கு ஒப்பிடலாம். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது யாது சொல்லும், யாது செய்யும் என்பதை வாய்மொழியாற் கூறுவர். செயல் கைகூடுமோ என்பது ஐயமாகுமிடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர்.

இளைஞர் விரும்பி ஏற்கும் பாத்திரங்களுள் ஒன்று வைக்கிங்கர் சாயலில் அமைந்த வீரன். வைக்கிங்கர் என்போர் 8 முதல் 11 வரையான நூற்றாண்டுகளில் நோர்வே, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளிலிருந்து கடல்மேற் சென்று, கொள்ளையும் வாணிகமும் குடியேற்றமும் நடத்தியோர். கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்து, கோடரி ஏந்திக் கர்ச்சித்தால் அவ்வேடம் நிறைவுறும் எனப் பலர் எண்ணுவர். அக்கொம்போ பிற்காலத்துக் கற்பனை. 1876 இல் ஜெர்மனியின் பைரொய்த் நகரில் வாக்னரின் இசைநாடகம் அரங்கேறியபோது டெப்ளர் என்னும் ஓவியர் வகுத்த உடைகள் அது பரவ ஏதுவாயின. நோர்வேயில் 1943 இற் கண்டெடுக்கப்பட்ட வைக்கிங்கர் காலத் தலைக்கவசத்திற் கொம்பு இல்லை.

கர்ச்சனைக்கு வேறு காரணம் உண்டு. 793 இல் வைக்கிங்கர் இங்கிலாந்தின் லின்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடினர். அத்துயரை ஏட்டில் வரைந்தோர் துறவியரும் அவரைச் சார்ந்தோருமாவர். அவர் எழுதியது பொய்யன்று, முழுமையுமன்று. அக்கடலோடிகளின் நாட்டார் பெரும்பாலும் உழவரும் மீன்பிடிப்போருமே. ஐஸ்லாந்திற் குடியேறியோர் 930 ஆம் ஆண்டளவில் வழக்குத் தீர்க்கப் பொதுமன்றமும் கண்டனர்.

தமிழர் இதனை எளிதில் உணரலாம். இராசேந்திர சோழன் 1025 இற் கடாரத்தின்மேற் கலம் செலுத்தியதைப் பெருமையுடன் படிக்கின்றோம். அதற்குமுன், 1017 அளவில், சோழர் படை ஈழத்தில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துப் பெரும் பொருளைக் கவர்ந்தது. அதனைக் கூறும் சூளவம்சம் அப்படையினரை இரத்தம் பருகும் இயக்கருக்கு ஒப்பிடுகின்றது. நமக்கு வீரர், பிக்குமாருக்கு இயக்கர். இரு பெயரும் பெற்றோர் ஒரே மனிதர்.

நம் ஊருக்குத் தென்மேற்கே, நெடுந்தீவில், வெடியரசன் கோட்டை என வழங்கும் இடிபாடு உளது. கண்ணகி வழக்குரை கூறும் கதையிற் சிலம்புக்கு மணி நாடிக் கலமேறி வந்த மீகாமனை எதிர்த்துப் பொருதவன் வெடியரசன். மணி தேடியவனுக்கு அவன் தடை. அவன் கடற்கரையில் நின்று நோக்கினால், வந்தவனே பகைவன்.

ஆதலின், வைக்கிங்கனாய் ஆடப் புகும் இளைஞன் பகடையைத் தொடுமுன் தன் பாத்திரத்திற்கு ஒரு வரவு வகுத்துக்கொள்க. அவன் கலமேறியது எதன்பொருட்டு? ஊரில் அவனுக்காகக் காத்திருப்போர் யாவர்? எவ்வாக்கை அவன் மீறமாட்டான்? யாருக்குத் தீங்கிழைத்தான்? கதை நடத்துவோரும் மடத்து வாயிலில் நிற்கும் துறவிக்கு ஒரு பெயரும் பேச்சும் அளித்தல் வேண்டும். அப்போது கோடரி ஓங்கிய கை ஒரு கணம் தயங்கும். அத்தயக்கத்திலேயே பாத்திரம் உயிர் பெறும்.

ஒரு மக்களை அவர் தம் புகழ்ப்பாட்டால் மட்டும் அறிதலும், அவரால் நொந்தோர் சொல்லால் மட்டும் அறிதலும் குறையறிவே. பல மக்கள் வாழும் இத்தீவிற் பிறந்த நமக்கு, இஃது ஆட்டத்தோடு முடியும் பாடமன்று.