நூற்றுக்கு ஐந்துக்குள்: கதிர்வீச்சுச் சிகிச்சையில் அளவுச் சரிபார்ப்பு

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருந்தின் இடத்தில் நிற்பது கதிரின் அளவு. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கவர்ந்தால் அந்த அளவு ஒரு கிரே எனப்படுகிறது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் லூயி ஹெரால்ட் கிரேயின் பெயரில் அமைந்த அலகு இது. வழக்கமான சிகிச்சைகள் பலவற்றில் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாட்களாக, ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை கதிர் செலுத்தப்படுகிறது. 2 கிரே அளவு ஆற்றல் தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 0.0005 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்த்தும் என்பதால், நோயாளியின் உடலுக்கு அந்த நேரத்தில் சூடோ வலியோ தெரிவதில்லை. கொடுக்க வேண்டியதைவிடக் கூடுதலாகப் போனதா, குறைவாகப் போனதா என்பதை அன்றைக்கே சொல்லக்கூடியது அளவுமானி ஒன்றுதான்.

அளவில் எவ்வளவு பிசகு பொறுக்கத்தக்கது என்ற கேள்விக்கு, கதிர்வீச்சு அலகுகளுக்கான பன்னாட்டு ஆணையம் 1976-இல் தந்த விடை இன்றும் அடிப்படையாக நிற்கிறது: கட்டியில் சேரும் அளவு, குறிக்கப்பட்ட அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகக் கூடாது. அளவு கூடக்கூடக் கட்டி அழியும் வாய்ப்பும், அருகிலுள்ள நல்ல திசு கெடும் வாய்ப்பும் சீராக ஏறாமல், ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் திடீரெனச் செங்குத்தாக ஏறுவதாலும், சிகிச்சையின் அளவுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே அமைவதாலும், இந்த இறுக்கம் தேவைப்படுகிறது.

இயந்திரம் நிமிடத்துக்கு எவ்வளவு கதிரை வெளியிடுகிறது என்று அளந்து வைப்பது மருத்துவ இயற்பியலாளரின் பொறுப்பு. அதற்கு அவர் பயன்படுத்தும் அயனியாக்க அறை என்பது, விரல் பருமனுக்கும் குறைவான, பெரும்பாலும் 0.6 கன சென்டிமீட்டர் காற்றைக் கொண்ட ஒரு சிறு குழாய். மனித உடலின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், கண்ணாடி போன்ற அக்ரிலிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்தக் குழாயை நிறுத்திக் கதிரைப் பாய்ச்சும்போது, உள்ளிருக்கும் காற்று அயனிகளாகப் பிரிந்து உண்டாகும் மிக நுண்ணிய மின்னூட்டம் மின்னளவியில் பதிவாகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குழாய்க்குள் இருக்கும் காற்றின் நிறை, வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப மாறுவதால் இரண்டுக்கும் திருத்தம் செய்தாக வேண்டும். வானிலை நிலையங்கள் அறிவிக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்துக்கு ஈடாகக் கணக்கிடப்பட்ட எண் என்பதை மறந்து, சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரு போன்ற ஊரில் ஒருவர் அதையே பயன்படுத்திவிட்டால், இயந்திரத்தின் வெளியீடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கணக்காகி, அதை ஈடுகட்டச் சிகிச்சை நேரம் நீட்டப்பட்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் அந்தப் பங்கு கூடுதலாகச் சேரும்.

பெரும் விபத்துகள் இப்படிப்பட்ட சாதாரண இடங்களிலேயே நேர்ந்திருக்கின்றன. கோஸ்டா ரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில், சான் ஹுவான் தே தியோஸ் மருத்துவமனையின் கோபால்ட் இயந்திரத்தில் 1996 ஆகஸ்ட்டில் புதிய கதிர்மூலம் பொருத்தப்பட்டபோது, 0.3 நிமிடம், அதாவது 18 வினாடி நீடித்த ஓர் அளவீடு, கணக்கில் 30 வினாடியாகக் கொள்ளப்பட்டது. 18 வினாடியில் வந்த கதிரை 30 வினாடிக்குப் பங்கிட்டதால் இயந்திரத்தின் வீச்சு இருந்ததைவிடக் குறைவாகத் தோன்ற, சிகிச்சை நேரங்கள் தேவையைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக நீண்டன. தவறு தெரியவருவதற்குள் 115 நோயாளிகள் பாதிக்கப்பட்டனர். ஒரு தசமப் புள்ளியைப் படித்த விதம் மட்டுமே இதற்குக் காரணம் என்பதும், இரண்டாவது ஒருவர் தனியாக அளந்திருந்தால் அன்று மாலைக்குள்ளேயே இது பிடிபட்டிருக்கும் என்பதும் மனத்தை வருத்துபவை.

கூடுதல் அளவு தோல் சிவத்தல், புண், குடல் கோளாறு என்று எப்படியும் தன்னைக் காட்டிக்கொள்ளும். குறைந்த அளவுக்கு அந்தக் குரலும் கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் 1982-இல் கணினித் திட்டமிடல் வந்தபோது, கதிர்மூலத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கான திருத்தத்தைக் கணினி தானே செய்துவிடுகிறது என்பதை அறியாமல் ஊழியர்கள் கையாலும் அதே திருத்தத்தைச் செய்துவந்தார்கள். 1991 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் 5 முதல் 30 விழுக்காடு வரை குறைந்த கதிரைப் பெற்றனர். நோய் திரும்ப வந்தவர்களைக் கண்ட மருத்துவர்கள் அதை நோயின் இயல்பென்று கருத இடமிருந்தது. ஒன்பது ஆண்டுகள் இது மறைந்து கிடந்ததற்கு அதுவே காரணம். அதே நாட்டின் எக்ஸிடர் நகரில் 1988-இல் கோபால்ட் இயந்திரம் தவறாக அளவிடப்பட்டு 207 பேருக்கு நூற்றுக்கு 25 கூடுதலாகச் சென்ற பிழையோ சில மாதங்களில் வெளிப்பட்டது. நாடளாவிய ஒப்பீட்டு அளவீடு ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

வெளியார் அளக்கும் இந்த ஏற்பாட்டை அஞ்சல்வழியே உலகெங்கும் கொண்டுசென்றது, பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலகச் சுகாதார நிறுவனமும் 1969 முதல் இணைந்து நடத்தும் தணிக்கை. வியன்னாவுக்கு அருகிலுள்ள சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்திலிருந்து லித்தியம் ஃபுளோரைடுத் தூள் அடைத்த சிறு குப்பிகள் மருத்துவமனைக்கு வரும். மருத்துவமனை, அவற்றைத் தண்ணீரில் குறித்த ஆழத்தில் வைத்து, தான் 2 கிரே என்று நம்பும் அளவைச் செலுத்தித் திருப்பி அனுப்பும். கதிரின் ஆற்றலைப் பிடித்துவைத்திருக்கும் அந்தத் தூள், ஆய்வகத்தில் சூடாக்கப்படும்போது அதற்கேற்ற ஒளியை உமிழ, உண்மையில் எவ்வளவு சென்றது என்பது தெரிந்துவிடும். 2017-இலிருந்து தூளுக்குப் பதிலாக, புறஊதா ஒளி பட்டால் மிளிரும் கண்ணாடித் துண்டுகள் பயன்படுகின்றன. விலகல் ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டாவது முறை குப்பி அனுப்பப்படும். அப்போதும் சரியாகாவிட்டால் வல்லுநர் நேரில் செல்வார். தொடக்க ஆண்டுகளில் பங்கேற்ற மருத்துவமனைகளில் ஏறத்தாழ பாதியே இந்த எல்லைக்குள் நின்றன, இன்று மிகப் பெரும்பான்மை நிற்கின்றன என்பது இத்தணிக்கையின் பயனுக்குப் போதிய சான்று.

இந்தியாவில் இந்தப் பணியை மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்கிறது. மருத்துவமனைகளின் அயனியாக்க அறைகளை நாட்டின் தர அளவோடு ஒப்பிட்டுச் சான்றளிப்பதும் அங்கேதான். உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வேலை. காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை நீளும் மருத்துவமனைகளில் சரிபார்ப்புக்கான இயந்திர நேரமே முதலில் வெட்டப்படுகிறது என்றால், அது நோயாளிக்கு மிச்சமாகும் நேரம் ஆகாது. அந்த நேரமும் சிகிச்சையின் பகுதியே என்று நிர்வாகங்கள் அட்டவணையிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும்.

தொட்டித் தண்ணீரில் ஒரு புள்ளியை அளந்தால் போதும் என்ற காலமும் கடந்துவிட்டது. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றும் நவீன முறைகளிலும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள கதிர்க்கற்றைகளை மூளைக்குள் குவிக்கும் முறையிலும், பிழை புதிய இடங்களில் ஒளிந்துகொள்கிறது. பிரான்சின் துலூஸ் நகரில் 2006–07-இல், மெல்லிய கற்றையை அதைவிடப் பெரிய அளவுமானியால் அளந்ததால், கற்றைக்கு வெளியே கதிர் படாத பகுதியும் சராசரியில் சேர்ந்து அளவு குறைவாகக் காட்ட, 145 பேரின் சிகிச்சை தவறான தரவுகளின்மேல் அமைந்தது. அந்த அமைப்பை வழங்கிய நிறுவனம் பல மையங்களின் எண்களை ஒப்பிட்டபோதே அது தெரிந்தது. இதனால் இப்போது, அளவுமானிகளும் கதிர்ப்படலமும் உள்ளே பொதிந்த தலை, கழுத்து மாதிரியுரு ஒன்றை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, ஸ்கேன் எடுப்பது முதல் கதிர் செலுத்துவது வரை நோயாளியைப் போலவே நடத்தச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனிலுள்ள தணிக்கை மையம் 2008-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அளவில் 7 விழுக்காடு, இடத்தில் 4 மில்லிமீட்டர் என்ற தாராளமான வரம்பு வைத்தும், 250 முயற்சிகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை தேறவில்லை.