எழுத்து எழுத்தாகச் சரம் தொடுக்கும் இயந்திரம்

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொண்டவர்கள் எங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஏராளம். அந்தப் பரிசோதனைக்கு 'பிரைமர்' வேண்டும். சுமார் 20 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு அது. எந்த உயிரிலிருந்தும் பிரித்தெடுத்ததல்ல. கணினி சொல்லச் சொல்ல, வேதிப்பொருட்களைக் கொண்டு ஓர் இயந்திரம் கட்டித் தந்தது.

பூக்கட்டும் பெண்கள் நாரின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார்கள். நுனி அசையாமல் நின்றால்தான் கை ஓடும். இங்கே கட்டைவிரலுக்குப் பதில், நுண்துளைகள் நிறைந்த கண்ணாடி மணி. முதல் எழுத்து அதில் ஒட்டியிருக்கும். மிஞ்சியதைக் கழுவி ஊற்றலாம், சரம் மணியை விட்டுப் போகாது. புரதத் துண்டுகளுக்காக இந்த யோசனையை 1963இல் வெளியிட்டவர் அமெரிக்கரான மெரிஃபீல்டு. அதற்காகவே 1984இல் நோபல் பரிசு பெற்றார்.

டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்கு ஏ, டி, ஜி, சி என நான்கு புட்டிகள். எதை எப்போது திறப்பது என்பது கணினியின் வேலை. ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு மூடி இருப்பதால் ஒரு சுற்றில் ஒன்றுதான் சேரும். அமிலம் பாய்ந்ததும் மூடி கழன்று, வெளியேறும் திரவம் பளிச்சென ஆரஞ்சு நிறமாகும். பிறகு அடுத்த எழுத்து. சேராமல் நின்ற சரங்களின் வாயை ஒரேயடியாக அடைத்துவிட்டு, புதிய பிணைப்பை அயோடின் கொண்டு உறுதியாக்கி, கழுவி, மறுபடி அமிலம். ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள். ஆரஞ்சு மங்கினால் எங்கோ பிசகு. பெரும்பாலும் கரைப்பானில் ஈரம் ஏறியிருக்கும். எங்கள் ஊர்போன்ற கடலோரத்தில் இது லேசான தொல்லை இல்லை.

சுற்றுக்கு 99 சதவீதம் சேர்ந்தாலும், 20 எழுத்து முடிகையில் முழுச் சரங்கள் 83 சதவீதம்தான். 100 எழுத்தென்றால் வெறும் 37.

இந்த இயந்திரம் வருவதற்கு முன், வேதியியலாளர் ஹர் கோபிந்த் கொரானாவின் குழு 1970இல் 77 இணை எழுத்துள்ள மரபணுவைச் செய்து முடித்ததாக அறிவித்தபோது, அதன் பின்னால் பலருடைய பல ஆண்டு உழைப்பு இருந்தது. அந்தக் குழுவில் பணியாற்றிய மார்வின் கருதர்ஸ்தான் 1981இல் பாஸ்போரமிடைட் முறையைத் தந்தார்: அதில் பயன்படும் பொருள் புட்டியில் கெடாமல் இருக்கும், தூண்டினால் நொடியில் வினைபுரியும். இந்த இயந்திரத்தின் பெருமையில் பெரும்பங்கு கணினியை விட இந்த வேதியியலுக்கே சேர வேண்டும். இன்றும் அந்த நான்கு புட்டிகளில் இருப்பது அதே வகைப் பொருள்தான்.