கஞ்சாவை விட்டு ஏலத்துக்கு: எதற்குப் பின் எது

கஞ்சாத் தோட்டம் ஒன்றை வெட்டி எரிக்க ஒரு நாள் போதும். அதை நம்பியிருந்த குடும்பம் ஏலக்காய்க்கு மாறிக் காசு பார்க்க மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடத்துக்கு வழி செய்யாமல் வெட்டினால், அடுத்த மழைக்கு வேறொரு சரிவில் கஞ்சா முளைக்கும். கேரளத்தின் இடுக்கி மலைகளில் மாற்றுப் பயிர் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

ஏலப்பாறை அங்கே பீருமேடு தாலுகாவில் உள்ள தேயிலை ஊர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இந்தத் தாலுகாவில், 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து எஸ்டேட்டுகள் மூடியபோது கூலியே நின்றுபோனது. மாதக்கணக்கில் சம்பளம் வராத வீட்டுக்கு முன்பணத்தோடு வந்து நிற்கிறவன் யார் என்பதைப் பொறுத்தே பல விஷயங்கள் தீர்மானமாகின்றன. கஞ்சாவின் பலம் இந்த முன்பணம்தான். அதோடு ஐந்தாறு மாதத்தில் விளைந்துவிடும். எடை குறைவு, ரோடு வேண்டாம், வாங்குகிறவன் இருக்கும் இடத்துக்கே வருவான். ஆனால் 1985-ஆம் வருடத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பயிரிட்டவருக்குப் பத்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். முன்பணம் கொடுத்தவன் தப்பிவிடுவான்; செடியருகே பிடிபடுகிறவன் உள்ளே போவான்.

ஆகவே முதல் வேலை கடனைக் கேட்பது. எந்த வீடு யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஊர் நம்புகிற ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். சீருடையில் போனால் இந்தக் கணக்கு வராது. இதற்கு நல்ல பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஏலப்பாறையிலிருந்து குட்டிக்கானம், வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளி போனால் பெரியார் புலிகள் காப்பகம். அங்கே காட்டுக்குள் வயணப்பட்டை (காட்டு லவங்கப்பட்டை) வெட்டிக் கடத்திய ஆட்களையே 1998 வாக்கில் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்த்தார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த அவர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டினார்கள், காட்டைக் காவல் காத்தார்கள். உலக வங்கி உதவியோடு நடந்த திட்டம் 2004-ல் முடிந்த பிறகும் வேலை நிற்காமல் இருக்கப் பெரியார் அறக்கட்டளை அமைந்தது. அதே காப்பகத்தின் ஓரத்தில், விளையும் முன்பே மிளகை வியாபாரியிடம் அடகு வைத்திருந்த பழங்குடி விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்டு, மிளகை நேரடியாக விற்க வழி செய்தார்கள். கடன் தீராமல் அந்த மிளகு அவர்கள் கைக்கு வந்திருக்காது.

அடுத்தது நிலம். கஞ்சா போடும் இடம் பெரும்பாலும் வனத்துறைக் காடு. அங்கே ஏலம் வைக்க முடியாது. குடியை, அதாவது மலைக் குடியிருப்பைச் சுற்றியுள்ள சொந்த அனுபவ நிலத்தில்தான் தொடங்க வேண்டும். 2006-ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை வழியாகத் தகுதியுள்ள ஒரு குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். காகிதம் இல்லாவிட்டால் வங்கிக் கடன் கிடையாது. கடன் இல்லாவிட்டால் பழைய முன்பணக்காரன்தான் திரும்ப வருவான்.

இனி அந்த மூன்று வருடம். முதல் மழைக்கே பீன்ஸ் போட்டால் இரண்டு மாதத்தில் பறிக்கலாம். மரவள்ளியும் இஞ்சியும் எட்டு, பத்து மாதம் எடுக்கும். ஊரக வேலை உறுதித் திட்ட வேலையை அந்தந்தக் குடும்பத்தின் நிலத்தில் மண்வரப்பு போடுவதற்கே கேட்டு வாங்கலாம். இரண்டு தேன்பெட்டி வைப்பது மிக நல்லது, காரணம் சொல்கிறேன்.

ஏலத்துக்கு, மே மாதம் நிழல் மரங்களைக் கவாத்து செய்து, பாதி வெயில் பாதி நிழல் விழும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டடி நீள அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. குழிக்குக் குழி எட்டு முதல் பத்தடி. மேல்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, ஜூன் மழையில் தட்டையை (பக்கக் கன்றை) ஆழமாகப் புதைக்காமல் நட்டு, குச்சியோடு கட்டி, சருகு போர்த்த வேண்டும். கட்டே நோய் வந்த தோட்டத்தில் தட்டை எடுக்கக் கூடாது; ஒரு செடி போதும், பக்கத்துத் தோட்டமும் போய்விடும். ஏலப்பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும். அன்று தேனீ வராவிட்டால் காய் இல்லை. தேன்பெட்டி இதற்காகத்தான். பூக்காலத்தில் காலையில் மருந்து அடிப்பதைப் போல் கெடுதலான பழக்கம் வேறில்லை.

மூன்றாம் வருடம் காய் வரும். காய் பழுக்கும் முன், உள்ளே விதை கறுத்திருக்கும் பருவத்தில் பறிக்க வேண்டும். சரத்தில் எல்லாம் ஒன்றாக முற்றாது, நாற்பது நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். பச்சைக்காயைக் கழுவி, அன்றே ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறைக்குள் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புகிறார்கள். சூடு 45 முதல் 50 டிகிரிக்குள். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும், காய் வெடிக்கும், குறைந்தால் பூஞ்சை. ஈரம் எண்பது சதவீதத்திலிருந்து பத்துப் பன்னிரண்டுக்கு இறங்க ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். சூடு ஆறும் முன் தேய்த்தால் காம்பும் பூமுனையும் உதிரும். கையில் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக மாறியிருக்கும். தனித்தனி வீட்டால் ஸ்டோர் கட்ட முடியாது. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒன்று கட்டுவதில்தான் பணத்தைப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பச்சைக்காயாகவே விற்றால் லாபம் ஸ்டோர்காரருக்குப் போகிறது.

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. அங்கே விற்ற பணம் கைக்கு வர நாளாகும். தரகர் வாசலில் உடனே கொடுப்பார். குழு தன் கையிலிருந்து பாதியையாவது அன்றே கொடுக்காவிட்டால் உறுப்பினர்கள் தரகரிடம்தான் போவார்கள். அதில் அவர்கள் மேல் தப்பு இல்லை.

ஏலக்காயை மட்டும் நம்பவும் கூடாது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது. இரண்டே வருடத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. அதற்கு முன் வெனிலாவும் இப்படியே இதே மலையை ஏமாற்றியது. நிழல் மரத்தில் மிளகு ஏற்றி, ஓரத்தில் காப்பி வைத்தால் ஒன்று விழும்போது இன்னொன்று தாங்கும்.

இந்த அறிவு பரவும் விதமும் முக்கியம். மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை நிலையமும் நன்றாகவே சொல்லித் தருகின்றன. ஆனால் இன்று மலை முழுக்க நிற்கும் ஞள்ளானி ரகத்தை, கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்தார். அது தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குத் தட்டையாகவே போய்ச் சேர்ந்தது. மாறிய ஒரு குடியின் தோட்டத்தில் அடுத்த குடி இரண்டு நாள் தங்கிப் பார்த்தால் போதும், எந்தக் கூட்டமும் அதற்கு ஈடாகாது.

வெளியிலும் இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. தாய்லாந்து வடமலைகளில் அபினிக்குப் பதில் காப்பியும் பழமும் கொண்டுவர 1969-ல் அரசர் திட்டம் தொடங்கி, பல பத்தாண்டுகள் பொறுமையாக நடந்தது. ஆந்திராவின் மன்யம் மலைப் பகுதியில் 2021-ல் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் கஞ்சாவை அழித்தார்கள். அரக்கு காப்பி அங்கே இருந்தும் எல்லாக் குடிக்கும் போய்ச் சேரவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பம், போடி வியாபாரிகளுக்கும் கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநில அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு குடிக்குப் போகும்போது வெட்டுக்கத்திக்கு முன்னால் கடன் நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் வருட அரிசிக்கும் மூன்றாம் வருட ஸ்டோருக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு செடியைப் பிடுங்குங்கள்.