அரை நாள் கூலியும் ஐந்து நிமிடப் பரிசோதனையும்

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் விடிந்ததும் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மழைக்காலம் என்றால் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளக் காடு. ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கினால்தான் காசு. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம்தான். ஆனால் அது நடப்பது, இவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாட்டில் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழகத்தில் சுமார் 10 பேர்.

என்ன சோதனை?

நர்ஸ் ஒரு சிறு கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்த்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். ஒரு நிமிடத்தில் மாற்றம் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை. வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடங்கள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ சூடு கொடுத்தோ அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

ஏன் தயக்கம்?

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே சிஸ்டர், எதுக்கு?" என்பது முதல் கேள்வி. வெள்ளைப்படுதலை உடம்புச் சூடு என்று வெந்தயத்தோடும் மோரோடும் விட்டுவிடுவது வழக்கம். பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால் என்ற கூச்சம் வேறு. தாம்பத்திய உறவில் பரவும் வைரஸ் என்றதும், நடத்தையைப் பற்றிய பேச்சாகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. உறவு வாழ்க்கை உள்ள பெரும்பாலோரை இந்த வைரஸ் எப்போதாவது தொட்டே போகும், பலருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பதைச் சுவரொட்டி சொல்லிப் புரியவைக்க முடியாது. தெரிந்த முகம்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களிடையே இந்தப் புற்றுநோய் வெள்ளையரைவிட அதிகம். அங்கே 'புரொமோட்டோரா' எனப்படும் பெண்கள் தங்கள் தெருவிலும் தேவாலயத்திலும் ஸ்பானிய மொழியில் பேசி, சக பெண்களைச் சோதனைக்கு அழைத்து வருகிறார்கள்.

அழைத்துச் சோதித்தால் மரணம் குறையும் என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் தாண்டத் தேவையில்லை. 2000-ல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்கள் அழைக்கப்பட்டார்கள்; 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகளே சோதித்தார்கள். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த மரணம், அழைக்கப்படாத ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு.

இங்கே யார் சொல்வது?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து, வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டத்திலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் அவர்கள் பேசலாம். தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலேயே சொல்லலாம். மாமியாரையும் கூட்டி உட்காரவைத்தால், மருமகள் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்காது.

பேச்சு மட்டும் போதாது. தீப்பெட்டி ஆபீசிலேயே பெண் நர்சை வைத்து முகாம் நடத்தி, முதலாளி அரை நாள் கூலியைப் பிடிக்காமல் விட்டால், வராதவர்களில் பலர் வருவார்கள்.

30 வயது தாண்டியவர்கள், மாதவிலக்கு இல்லாத நாளில் சோதனைக்குப் போகலாம். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால், முகாமுக்குக் காத்திராமல் உடனே கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும்.