ஒளிநாடாக்களில் உறங்கும் குரல்கள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் இல்லங்கள் பலவற்றில், அலுமாரித் தட்டுகளில் வி.எச்.எஸ். ஒளிநாடாக்கள் இன்றும் கிடக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடைபெற்ற திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், ஊரிலிருந்து எவரோ கொண்டுவந்து சேர்ப்பித்த வீட்டுக் காட்சிகள் என்பன அவற்றில் அடங்கியுள்ளன. மறைந்தோரின் முகத்தைப் புகைப்படத்திலும் காணலாம். பேரனைப் பெயர் சொல்லி அழைக்கும் அம்மம்மாவின் குரலோ அந்த நாடாவில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். எனினும், இவற்றைக் கணினிக்கு மாற்றுவோரிற் பலர் படத்தின் தெளிவையே கவனிக்கின்றனர்.

வி.எச்.எஸ். நாடாவில் சாதாரண ஒலி, விளிம்பிலுள்ள ஒடுங்கிய தடமொன்றிற் பதிவாகிறது. பாட்டுக் கேட்கும் ஒலிநாடா செக்கனுக்கு ஏறத்தாழ 4.8 சென்ரிமீற்றர் ஓடுகையில், இலங்கையிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய 'பால்' முறை ஒளிநாடா 2.3 சென்ரிமீற்றரே ஓடுகிறது. பேச்சு மழுங்கி, இரைச்சல் மிகுவதற்கு இதுவே முதற் காரணம்.

எண்பதுகளில் 'ஹை-ஃபை' டெக்குகளும் கமராக்களும் வெளிவந்தன. இவை விளிம்புத் தடத்தோடு, படத்திற்கு அடியிலும் ஒலியை ஆழமாகப் பதிந்தன. இங்கேதான் பலர் அறியாத செய்தியொன்று உண்டு. விழா ஒளிநாடாக்களில் பேச்சொலியை நீக்கித் திரைப்பாடல்களைச் சேர்ப்பது அக்கால வழக்கம். ஹை-ஃபை கமராவில் எடுத்த மூலநாடாவிலேயே அவ்வாறு பாடல் ஏற்றப்பட்டிருப்பின், விளிம்புத் தடம் மட்டுமே அழிந்திருக்கும். ஆழத்திலுள்ள பேச்சு அப்படியே இருக்கும். ஹை-ஃபை டெக்கில் ஒலித்தெரிவை 'நோர்மல்' நிலையிலிருந்து 'ஹை-ஃபை' நிலைக்கு மாற்றிக் கேட்டால் உண்மை புலப்படும். உறவினர்க்குப் பகிரப்பட்ட பிரதிகளில் இவ்வாய்ப்பு இல்லை. ஆதலால் மூலநாடா எவரிடம் உள்ளதென முதலில் விசாரித்தல் வேண்டும்.

கனடாவில் 'என்.ரி.எஸ்.சி.' முறையும் பிரான்சில் 'சீகாம்' முறையும் வழங்கியமையால், நாடு கடந்து வந்த நாடாக்களுக்குப் பல்முறை டெக் தேவைப்படும். யப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் டெக் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே பழைய டெக்குகளையே நம்பவேண்டியுள்ளது, காலந்தாழ்த்துவது நன்றன்று. நாடாவில் வெண்ணிறப் பூஞ்சணம் காணப்பட்டாலோ, ஓட்டும்போது மோட்டார் திணறினாலோ, உடனே நிறுத்தி அனுபவமுள்ளவரிடம் ஒப்படையுங்கள். வலிந்து ஓட்டினால் நாடாவும் அறும், டெக்கும் பழுதாகும்.

கணினிக்கு மாற்றும்போது ஒலியைச் சுருக்காது, செக்கனுக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். அக்கோப்பில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது. திருத்தங்கள் யாவும் பிரதியிலேயே இடம்பெறட்டும். இலவசமாகக் கிடைக்கும் 'ஒடாசிற்றி' மென்பொருள் இதற்குப் போதுமானது.

முதலில் மின்சார முரல்வை நீக்குக. ஐரோப்பாவிலும் இலங்கையிலும் அது 50 ஹேர்ட்ஸிலும், கனடாவில் 60 ஹேர்ட்ஸிலும், அவற்றின் மடங்குகளிலும் ஒலிக்கும். அடுத்து, எவரும் பேசாத ஓரிரு செக்கன்களை மாதிரியாகக் காட்டி இரைச்சலைச் சிறிதளவு குறைக்கலாம். முற்றாக நீக்க முயன்றால் குரல் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். சற்று இரைச்சலுடன் கேட்கும் இயல்பான குரலே மேலானது. இடையில் ஒலியை வெட்டினால் உதட்டசைவும் பேச்சும் பொருந்தா என்பதும் கவனிக்கற்பாலது.

இன்னுமிரண்டு கடமைகள் உள. மூத்தோர் இருக்கும்போதே அவர்களை அருகிலமர்த்தி, எந்தக் குரல் எவருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என எழுதிவையுங்கள். பொதுவெளியில் வெளியிடுமுன், நாடாவிற் பேசுவோருள் இன்றும் ஊரில் வாழ்பவர் எவரேனும் உளரா, அவர்தம் பெயரோ பேச்சோ அவர்க்கு இடர் விளைக்குமா என்று ஆராய்ந்து, அவர்களது சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.