பத்து நிமிடம் நின்ற ரயில்

ரயில் பத்து நிமிடந்தான் நிற்கும். நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும்; சக்கரங்களுக்கு எண்ணெய் இட வேண்டும்; மிஞ்சிப்போனால் பதினைந்து நிமிடம். அந்த நேரத்துக்குள் ஓர் ஊர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள்.

செய்து காட்டியது, தோழர்களே! ஒருநாள் இருநாள் அல்ல, நான்காண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டியது ஒரு சிற்றூர். அந்தக் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஊரின் பெயர் நார்த் பிளாட். அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்துச் சமவெளியில், யூனியன் பசிபிக் ரயில்பாதை மீது அமைந்த ஊர். அன்று அங்கு வாழ்ந்தோர் சுமார் 12,000 பேர். ரயில் தொழிலாளர், சிறுகடைக்காரர், சுற்றுவட்டத்து உழவர், இவர்கள்தாம் அந்த ஊர்.

1941 டிசம்பர் 7. ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அமெரிக்கா போரில் இறங்கியது. பத்து நாள் சென்று, டிசம்பர் 17 அன்று, ஊரில் ஒரு சேதி பரவிற்று: "நம் பிள்ளைகள் வருகிறார்கள்! நெப்ராஸ்காப் படையின் 'டி' கம்பெனி நம் ரயிலடி வழியாகப் போகிறது!"

சுமார் ஐந்நூறு பேர் ரயிலடிக்கு ஓடினார்கள். தின்பண்டம் ஒரு கையில், சிகரெட்டுப் பெட்டி ஒரு கையில். தாய்மார் வந்தனர், தங்கைமார் வந்தனர். குளிரில் காத்து நின்றனர். ரயிலும் வந்தது. 'டி' கம்பெனியும் வந்தது. ஆனால் நெப்ராஸ்காவின் 'டி' கம்பெனி அல்ல அது. கான்சாஸ் மாநிலத்தின் 'டி' கம்பெனி!

எண்ணிப் பாருங்கள், அந்த நொடியை. பெற்ற மகனைக் காண வந்தவள் எதிரே, எவளோ பெற்ற மகன் நிற்கிறான். கையில் இருப்பது தன் பிள்ளைக்குக் கொண்டுவந்த பண்டம். கொடுப்பதா, திருப்பி எடுத்துப் போவதா?

கொடுத்தார்கள். ஒருவர் கொடுத்தார், மற்றவரும் கொடுத்தார்கள். ஊர் தெரியாத, பேர் தெரியாத இளைஞர் கையில் திணித்து வழியனுப்பினார்கள்.

கூட்டத்தில் ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். ரே வில்சன் என்று பெயர். மருந்துக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. அவள் வந்ததும் அந்தப் படையில் இருந்த தன் சகோதரன் முகம் காணத்தான். வீடு திரும்பியவள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். இன்று ஒருநாள் செய்ததை, வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டாள். தானே முன்னின்று நடத்தவும் முன்வந்தாள்.

கடையிலே கூலிக்கு நிற்கும் பெண் கேட்டாள், ஊர் எழுந்தது! ரயில் கம்பெனியின் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ், அதே ஊரில் பிறந்து, சிறு பையனாக ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்து உயர்ந்தவர். ரயிலடியில் இருந்த சிற்றுண்டி அறையைத் தொண்டர்களுக்குத் திறந்து விட்டார். 1941 கிறிஸ்துமஸ் நாளன்று முதல் ரயிலை வரவேற்றார்கள்.

அன்று தொடங்கியது, 1946 ஏப்ரல் 1 வரையில் நிற்கவில்லை. ஏறத்தாழ 60 இலட்சம் படைவீரர்கள் அந்த மேசையண்டை வந்து போனார்கள். 12,000 பேர் கொண்ட ஊருக்கு 60 இலட்சம் விருந்தாளிகள்! சில நாட்களில் இருபதுக்கு மேற்பட்ட ரயில்கள். காபி, ரொட்டி, அவித்த முட்டை, பழம், பால். அன்று பிறந்தநாள் என்று எவனாவது சொன்னால் அவனுக்கென்று ஒரு முழு கேக்.

பணம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் கஜானா திறக்கவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஐந்து டாலர் அனுப்பினார், அதுவும் ஒரு குடிமகன் தரும் நன்கொடையாக. மற்றதெல்லாம் மக்கள் தந்தது. சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன் இருந்த காலம். வீட்டிலே தன் குழந்தையின் பங்கைக் குறைத்து, யாரோ ஒருவனுக்குக் கேக் சுட்டார்கள். வேட்டையாடிய காட்டுக்கோழி ரொட்டிக்குள் போயிற்று. கால்நடை ஏலம் நடக்கும் இடத்திலே ஒரு சிறுவன், உடுத்தியிருந்த சட்டையைக் கழற்றி ஏலத்தில் விட்டுப் பணம் கொண்டுவந்து கொடுத்தான். சுற்றிலும் 125 ஊர்கள் முறை வைத்துக் கொண்டு, 'இன்று எங்கள் முறை' என்று வண்டி கட்டி வந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பர் வேறு, வெள்ளையர் வேறு என்று படையையே பிரித்து வைத்திருந்த நாடு அது. அதை ஒழிக்க 1948இல்தான் ஜனாதிபதி ட்ரூமன் ஆணையிட்டார். ஆனால் நார்த் பிளாட் மேசையில் கறுப்பின வீரனும் வந்து உண்டான். ஆணை பிறக்கும் முன்பே ரொட்டி பரிமாறிய பெண்களுக்கு அது தெரிந்திருந்தது!

"போரை ஆதரிக்கச் சொல்கிறீரா?" என்று ஒரு நண்பர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. போர் வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்பவன் ரயிலில் வருவதில்லை. அவன் அமரும் நாற்காலி வேறு. ரயிலில் வருபவன் உழவன் மகன், ஆலைத் தொழிலாளி மகன். அவன் கையில் கொடுக்கும் ரொட்டி, போருக்குப் போடும் ஓட்டு அல்ல. 'உன்னை மறக்கவில்லை' என்று சொல்லும் சொல். அந்தச் சொல்லுக்குத்தான் அவன் ஏங்குகிறான்.

எல்லைக்குப் போகிறவன் மட்டும்தானா வீரன்? ஊருக்குள்ளே, எல்லாரும் வெளியே ஓடுகிறபோது உள்ளே ஓடுகிறவன் இருக்கிறானே, அவன் யார்?

2001 செப்டம்பர் 11. நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரம் எரிகிறது. மக்கள் படியிறங்குகிறார்கள், தீயணைப்புத் தொழிலாளி படியேறுகிறான். அன்று ஒரே நாளில் மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர்.

இடிபாட்டுக்கு எதிரே புனித பால் சிற்றாலயம் என்றொரு பழைய கட்டடம், 1766இல் கட்டியது, இடியாமல் நின்றது. அதன் கதவு இரவும் பகலும், எட்டு மாதங்களுக்கு மேலாக, அங்கு வேலை செய்தவர்களுக்குத் திறந்திருந்தது. தொண்டர்கள் சோறு போட்டார்கள்; படுக்கை விரித்தார்கள். உள்ளே ஓர் இருக்கை உண்டு: முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் அமர்ந்து வழிபட்ட இடம். அந்த இடத்திலே தொழிலாளியை உட்கார வைத்து, கொதிக்கும் இடிபாட்டில் நடந்து வெந்த கால்களுக்குப் பாத வைத்தியர்கள் மருந்திட்டார்கள். நாடாண்டவன் இருக்கையில் தொழிலாளியின் கால்! இதைவிடப் பெரிய பொன்னாடை எங்கே இருக்கிறது?

2009 முதல் அந்த நாட்டில் செப்டம்பர் 11 தொண்டு நாள் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. பல ஊர்களில் மக்கள் கூடி, கடல் கடந்து நிற்கும் படைவீரருக்குச் சாமான் பொதி கட்டுகிறார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு உணவு கொண்டு போகிறார்கள். நல்ல காரியம். நெஞ்சாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கோபுரம் விழுந்து ஒரு வாரத்தில், 'காற்று சுவாசிக்கத் தக்கதுதான்' என்று சுற்றுச்சூழல் துறைத் தலைமை சொல்லிற்று. அதை நம்பி நச்சுத் தூசியில் நின்றான் தொழிலாளி. நெஞ்சு நோய் வந்தது; புற்று வந்தது. ஊரெல்லாம் கைதட்டிற்று, மருந்துக்கான சட்டத்தில் கையெழுத்து விழ 2011 ஜனவரி ஆயிற்று! நோயுற்றோருக்கான நிதி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, சாகும் தறுவாயில் இருந்தவர்களே சட்டமன்றப் படியேறி வாதாடினார்கள். அதன்பின் 2019இல் நீடித்தார்கள். 2023 செப்டம்பரில், அந்தத் தூசி நோயால் பின்னர் மாண்ட தீயணைப்புப் படையினர் தொகையும் 343ஐ எட்டியது. கோபுரம் கொன்றது ஒரு 343. தூசி கொன்றது இன்னொரு 343!

நமக்கும் ஒரு நாள் உண்டு, தோழர்களே. 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் தீ. உள்ளே பஞ்சுப் பொதி. அதனருகே ஏறத்தாழ 1,400 டன் வெடிப்பொருள். அந்தக் கப்பல் மீது ஏறி நின்று தண்ணீர் பாய்ச்சினான் தீயணைப்புத் தொழிலாளி. மாலை நான்கு மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. 66 தீயணைப்புப் படையினர் மாண்டார்கள். அதன் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தீயணைப்போர் நாள்.

அந்த நாளில் மேடை போடுகிறோம். மலர் வளையம் வைக்கிறோம். பேசுகிறோம், பேசுவதில் நமக்கு நிகர் உண்டோ! நானே பேசியிருக்கிறேன். மாண்டவனுக்கு நடுகல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம், மறுக்கவில்லை. ஆனால் கல் நட்டால் போதுமா? உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன செய்தோம்?

ஆகவே கழகத் தோழர்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. வருகிற ஏப்ரல் 14 அன்று, உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு வேளை உணவு எடுத்துப் போங்கள். மைக் வேண்டாம், சால்வை வேண்டாம், போட்டோ வேண்டவே வேண்டாம். உட்கார்ந்து உடன் உண்ணுங்கள். உண்ணும்போது கேளுங்கள்: காலணி சரியாக இருக்கிறதா? புகையில் மூச்சுக்குக் கருவி இருக்கிறதா? ஒரு ஷிப்டுக்கு எத்தனை மணி நேரம்? நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பது? பதிலைக் குறித்துக் கொள்ளுங்கள். அதைச் சங்கக் கூட்டத்தில் படியுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். காரியம் ஆகும்வரை விடாதீர்கள். புயல் இரவிலே கம்பத்தில் ஏறி நிற்கும் மின்வாரியத் தொழிலாளிக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிக் கண்விழிக்கும் தோழனுக்கும் இதுவே முறை.

நார்த் பிளாட்டின் அந்த ரயிலடிக் கட்டடத்தை 1973இல் இடித்துவிட்டார்கள். ஆனாலும் ஊரின் பெயர் நிலைத்தது. அங்கே காபி வாங்கிக் குடித்து, போரிலிருந்து மீண்டவர்கள் கிழவராகிய பிறகும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடம் உங்களிடம் இல்லையா, தோழர்களே?