திரும்பிப் பார்த்து வாங்கும் பேட்டன்

ரிலே ஓட்டத்தில் பேட்டனை வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பாரா? நூறு மீட்டர் ரிலேயில் பார்ப்பதில்லை. பார்த்தால் வேகம் போய்விடும். பின்னால் வருகிறவர் குரல் கொடுத்ததும் கையை மட்டும் நீட்டுவார். நானூறு மீட்டர் ரிலேயில் கண் பின்னாலேயே இருக்கும். ஏன்னா, ஒரு முழுச் சுற்று ஓடி வருகிறவருக்குக் கடைசியில் கால் கனத்துப் போகும். அவர் வருகிற வேகத்தைப் பார்த்துத்தான் இவர் கிளம்ப முடியும்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் இந்த நானூறு மீட்டர் ரிலேயில் வெள்ளி வென்றார்கள். நால்வரில் வித்யா ராம்ராஜ், சுபா வெங்கடேசன் இருவரும் நம்ம தமிழ்நாட்டுப் பெண்கள்! தங்கம் வென்ற பஹ்ரைனுக்கும் நமக்கும் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் ரிலே ஓடும் தங்கச்சிகளே, சாயங்காலப் பயிற்சியில் இரண்டு விதமாகவும் பேட்டனை மாற்றிப் பாருங்கள்!